இலையா, வட்டிலா

எத்தியோப்பியாவுக்கும் தான்சானியாவுக்கும் இங்கிலீஷ் கற்பிக்கப் புறப்பட்டிருக்கும் பிள்ளைகளே, நீங்கள் என் வீட்டுக்கு வந்தபோது கேட்ட முதல் கேள்வி ஊறுகாயைப் பற்றியது. எத்தனை ஜாடி கொண்டுபோகலாம், கப்பலில் கெட்டுப்போகுமா, பெட்டியில் இடம் போதுமா என்று ஆளுக்கொரு கவலை. இலக்கணத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நல்லதுதான். இலக்கணம் தெரியாதவர்களை அவ்வளவு தூரம் அழைத்துப்போக அந்த நாட்டுக்காரர்களுக்கு என்ன பைத்தியமா? வெளியூர் வாத்தியார் வகுப்பறையில் தோற்று நான் பார்த்ததில்லை. சாப்பிட உட்காரும் இடத்தில்தான் தோற்றுப்போகிறார்கள். அதனால் சோற்றைப் பற்றியே பேசுகிறேன்.

நானும் ஒரு காலத்தில் வெளிநாட்டு வாத்திச்சிதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டி வந்து, ரயில் மாறி மாறி ஏறி, கடைசியில் மாட்டுவண்டியில் அவிநாசிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இறங்கினேன். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கோயம்புத்தூரில் பெரிய மனிதர்களாக இருக்கிறார்கள், பாவம். அந்த ஊரில் எனக்குப் பெயர் "சிலோன் டீச்சர்". பேசுவதும் தமிழ், கேட்பதும் தமிழ். ஆனாலும் நான் வாய் திறந்தால் தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

என்னை வேலைக்கு எடுத்தவர் ஒரு கைம்பெண். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின் ஆலை ஒன்றைப் புருஷன் விட்டுப்போக, அதை விற்காமல் தானே நடத்தியவர். வெள்ளைச் சேலை, ரவிக்கை கிடையாது, இடுப்பில் சாவிக்கொத்து. ஊரார் அவரை ஜின்னுக்காரம்மா என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். ஆலையை ஒட்டிப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வைத்திருந்தார். பெண்பிள்ளைக்கு இங்கிலீஷ் எதற்கு என்று ஊர் சிரித்தது. அவருக்குக் காரணம் இருந்தது. பஞ்சு வாங்க வரும் ஏஜெண்டுகள் அவர் எதிரிலேயே உட்கார்ந்து இங்கிலீஷில் பேசி முடிவுசெய்துவிட்டு, "அம்மா ஒத்துக்கிட்டாங்க" என்று எழுந்து போய்விடுவார்களாம்.

என்னை அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஏனுங்க, புரியற மாதிரிச் சொல்லிக்குடுப்பீங்களா?"

"குடுப்பேன்" என்றேன்.

"அப்பச் சரீங்க. போயிக் குளிச்சுப்போட்டு ஒரு வாய் தின்னுங்க."

தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஆலை ஆபீசில் அவருக்குத் தனியாகப் பாடம். ஏ, பி, சி தொடங்கினேன். கையை உயர்த்தித் தடுத்தார். "அதெல்லாம் பொறகு பாத்துக்கலாமுங்க. 'நான் அப்படிச் சொல்லலை'ங்கறதுக்கு இங்கிலீசுல என்னங்க? அத மொதல்ல சொல்லுங்க." சொன்னேன். ஐ டிட் நாட் ஸே தட். பின்னால் எந்திரம் கடகடக்க, பஞ்சுத் தூசி மேசையெல்லாம் படிய, அந்த அம்மாள் அந்த வாக்கியத்தைக் கத்தியைத் தீட்டுகிற மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினார். எனக்கு வாய்த்த மாணவர்களிலேயே தனக்கு எது வேண்டும் என்று தெரிந்து வந்தவர் அவர் ஒருவர்தான்.

இனி சோறு. தனியாக இருக்கும் பெண் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கி அடுப்பு மூட்டுவது நன்றாக இராது என்று பள்ளிக்கூடக் கமிட்டி முடிவு செய்திருந்தது. கமிட்டி வீடுகள் முறை வைத்துக்கொண்டு எனக்குச் சாப்பாடு அனுப்பும். கொண்டுவருகிறவர் நாச்சாத்தாள், ஜின்னுக்காரம்மாவின் வீட்டில் சமையலுக்கு ஒத்தாசையாக இருந்த பெண். கெட்டிக்காரி. என் வயதுதான் இருக்கும். முதல் நாளே கையில் சோற்றுப் பாத்திரத்தோடு, அங்கே அதற்குப் போசி என்று பெயர், வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

"டீச்சருங்க என்ன ஆளுங்க?"

"இங்கிலீஷ் டீச்சர்."

"அது தெரியுமுங்க. எலையில போடறதா, வட்டல்ல போடறதான்னு கமிட்டி ஊட்டுல கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

கேட்டது என் சாதியை. வட்டில் என்றால் வீட்டு ஆட்கள் சாப்பிடும் தட்டு. கழுவி உள்ளே எடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டார் நம்புகிறவருக்குத்தான் அது. ஆள் இன்னாரென்று தெரியாவிட்டால் இலை. தின்றபின் தூக்கி எறிந்துவிடலாம். மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அவர்கள் தங்கள் பாத்திரத்தைக் கொண்டுபோய்த் தள்ளி நின்று நீட்ட வேண்டும், உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். நான் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில்தான் இந்த மூன்றில் எது என்பது இருந்தது.

"இலையோ வட்டிலோ, எதில் போட்டாலும் சாப்பிடுவேன். அதைச் சொல்ல மட்டும் ஏலாது" என்றேன்.

நாச்சாத்தாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சொன்னா என்னங்க, வாயா வலிக்கும்?"

வலிக்கும். எங்கள் ஊரிலும் இந்தக் கேள்வி உண்டு. பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை வாங்கில், அதாவது பெஞ்சில், இருப்பது, எந்தப் பிள்ளை நிலத்தில் இருப்பது என்பதை அதுதான் தீர்மானிக்கும். அந்த வகுப்பில் நானும் இருந்தேன். வாங்கில் இருந்தேனா, நிலத்தில் இருந்தேனா என்பது உங்களுக்கு வேண்டாத விஷயம். இரண்டு இடத்திலிருந்து பார்த்தாலும் அது அசிங்கமாகத்தான் தெரியும். கடல் தாண்டிப் போகிறேன், இனி ஒருவருக்கும் இதற்குப் பதில் சொல்வதில்லை என்று தோணியில் ஏறும்போதே நினைத்துக்கொண்டேன். கடலுக்கு இந்தப் பக்கமும் அதே கேள்வி இவ்வளவு மரியாதையாக, வார்த்தைக்கு வார்த்தை "ங்க" போட்டுக்கொண்டு காத்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பதில் கிடைக்காததால் எனக்கு இலைதான் என்றாயிற்று. ஊர் என் சாப்பாட்டை வைத்துத் துப்பறியத் தொடங்கியது. எதைத் தின்கிறாள், எதை ஒதுக்குகிறாள், எந்தக் கையால் தண்ணீர் எடுக்கிறாள் என்றெல்லாம் பார்த்தார்கள். பருப்பும் நெய்யும் வந்தது, சாப்பிட்டேன். கம்மஞ்சோறும் கொள்ளுக் கடைசலும் வந்தது, சாப்பிட்டேன். ராகிக் களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று தெரியாமல் மென்று தொலைத்தேன். அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு மூன்றாம் பாடவேளை வரைக்கும் இறங்கவில்லை. ஓர் அமாவாசையன்று கோழிக்குழம்பு வந்தது. அமாவாசைக்குக் கறி வைக்காத வீடு அது. எனக்கென்று தனியாக, நான் தொடுகிறேனா என்று பார்க்கவே வைத்திருக்கிறார்கள். வழித்துத் தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். அடுத்த வாரம் சாதாரண நாளில் வந்த கறியைத் தொடாமல் திருப்பி அனுப்பினேன். குழம்பட்டும் என்றுதான்.

சும்மா இருக்கவும் என்னால் முடியவில்லை. அவிநாசிச் சந்தையில் கருவாடு வாங்கிவந்து, என் அறைக்குப் பின்னால் மூன்று கல் வைத்துச் சுட்டேன். வாசனை ஆலை வளவு முழுதும் போயிற்று. கடற்கரை ஆள்தான், சந்தேகமே இல்லை என்று பாதி ஊர் முடிவு கட்டியது. அடுத்த திங்கட்கிழமை நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு அவிநாசிக் கோயிலில் நின்று, தொண்டை கட்டும் வரைக்கும் பதிகம் பாடினேன். மீதிப் பாதி ஊர் இல்லையில்லை என்று தலையாட்டியது. சிரிப்பாகத்தான் இருக்கிறது இப்போது. அன்றைக்கு, போசியைத் திறக்கும்போதெல்லாம் பரீட்சைத் தாளைத் திறப்பதுபோல இருக்கும்.

ஒரு நாள் போசியைத் திறந்தால் உள்ளே இடியப்பம். அந்த ஊரில் அதற்குச் சந்தகை என்று பெயர், மரப் பலகையில் பிழிந்து தேங்காய்ப்பாலும் வெல்லமும் விட்டுத் தின்பார்கள். எனக்குச் சொதியோடு, தேங்காய்ப்பாலில் வைக்கும் எங்கள் ஊர்க் குழம்போடு, தின்றுதான் பழக்கம். இருந்தும் அந்த நூலைப் பார்த்ததும் அம்மாவின் அடுப்படி வந்துவிட்டது. அழுதேன். நாச்சாத்தாள் பதறிப்போனார்.

"ஏனுங்க, தேங்காப்பாலு திரிஞ்சுபோச்சுங்களா?"

"இல்லை. இது எங்கள் வீட்டுச் சாப்பாடு."

"அதெப்படீங்க? இது எங்கூட்டுச் சாப்பாடுங்க."

"எங்கள் வீட்டில் காலையில் இதுதான்."

"நாங்க விருந்தாளி வந்தா புழியறதுங்க." கொஞ்சம் யோசித்தார். கண் சுருங்கியது. "உங்கூட்டுல இத ஆருங்க புழியறது? உங்கம்மாவா, வேலைக்காரியா?"

மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன். நான் அழும்போதுகூட அந்தப் பெண் வேலையை விடவில்லை. ஆனால் அன்றைக்கு முதல் அவர் வாசலில் நிற்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தார். கேள்வியை மட்டும் விடவில்லை.

இப்படியே ஓடியிருந்தால் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. திறப்பு விழாவுக்கு ஊர் விருந்து. விருந்து என்றால் பந்தி. பந்தியில் என்னை எங்கே உட்காரவைப்பது? வீட்டுக்குள் இலை போட்டுச் சமாளித்ததை ஊர் நடுவில் சமாளிக்க முடியாது. கமிட்டித் தலைவராக இருந்த மணியகாரர் ஒரு மாலை என்னைப் பார்க்க வந்தார். பொல்லாதவர் என்று நினைக்காதீர்கள். தன் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு முதலில் அனுப்பியவரே அவர்தான்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க டீச்சர். ஊரு கேக்குதுங்க. ஒரு வார்த்த சொல்லிப்போட்டீங்கன்னா மத்தத நான் பாத்துக்கறேனுங்க."

"பாடம் நடத்துவதில் குறை உண்டா?"

"ஒரு கொறையுமில்லீங்க. என்ற புள்ள ஊட்டுல வந்து இங்கிலீசுலயே அதட்டுதுங்க." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நெசத்தச் சொல்லோணும்னுகூட இல்லீங்க. எதையாச்சும் சொல்லுங்க, நாங்க நம்பிக்கறோம். சொல்லாம இருந்தீங்கன்னா புள்ளைகள அனுப்பமாட்டாங்க. அப்பறம் பள்ளிக்கூடம் எதுக்குங்க, டீச்சர் எதுக்குங்க?"

பொய்யாவது சொல்லுங்கள் என்று ஒரு மனிதர் இவ்வளவு பணிவாகக் கெஞ்சினால் என்ன செய்வீர்கள்? எனக்கு அந்த வேலையை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. அப்பா போய்விட்டார், அம்மாவுக்கு நான் அனுப்புவதுதான். வேலையும் போகும், அந்தப் பிள்ளைகளின் படிப்பும் போகும். எல்லாவற்றையும் ஒரு சின்னப் பொய் காப்பாற்றிவிடும். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஏலாது என்றேன். அவர் வருத்தத்தோடு கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் பொய் சொல்லாததால் எனக்காகப் பொய் சொல்ல ஆள் பிடித்தார்கள். இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து திரும்பிய பெரியவர் ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தார். கோட்டு, கைத்தடி, பெரிய மீசை. சிலோன்காரியைச் சிலோன்காரர் கண்டுபிடித்துவிடுவார் என்று அவரை வண்டி வைத்து அழைத்துவந்தார்கள்.

"யாழ்ப்பாணத்துல எந்தத் தெருவுங்க அம்மணி?" என்றார் கங்காணி.

"நீங்கள் யாழ்ப்பாணம் வந்திருக்கிறீர்களா?"

"சிலோன்ல எனக்குத் தெரியாத எடமே கெடையாதுங்க."

"அப்படியென்றால் நீங்களே ஒரு தெருப் பெயர் சொல்லுங்கள், எங்களுடையதா என்று சொல்கிறேன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வந்த மனிதருக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். உறிஞ்சிக் குடித்தார், என் காதைப் பார்த்தார், கையைப் பார்த்தார், அறையின் கூரையைப் பார்த்தார். வெளியே போய், காத்திருந்த கமிட்டிக்காரர்களிடம் தீர்ப்புச் சொன்னார். "தேயிலை போடற பக்குவத்துலயே தெரிஞ்சுபோச்சுங்க. அந்த ஊருல பெரிய பண்ணாடி ஊட்டு ஆளுங்க அவிய. நம்ம மாதிரியேதானுங்க."

பண்ணாடி என்றால் அங்கே பெரிய நிலக்காரர். தேயிலையில் சாதி தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மறுநாள் மதியம் வெண்கல வட்டிலில் சோறு வந்தது. மோர் வெள்ளித் தம்ளரில் வந்தது. நாச்சாத்தாளுக்கு என்னைவிடச் சந்தோஷம். "மொதல்லயே சொல்லியிருந்தா இத்தன நாளு எலையில தின்னுருக்க வேண்டாமுங்களே" என்றார்.

"நாச்சா, நான் அப்படிச் சொல்லவில்லை."

"அவரு சொல்லிப்போட்டாரேங்க."

மணியகாரரிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார். பெரிய இடத்துப் பிள்ளைகள் அப்படித்தான் அடக்கமாக இருப்பார்கள் என்றார். இன்னும் இரண்டு பேரிடம் சொன்னேன். மறுக்க மறுக்க நான் உயர்ந்துகொண்டே போனேன். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல? இழிவாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். உயர்த்திச் சொன்னதோடு எப்படிச் சண்டை போடுவது? உங்களுக்கும் இது நடக்கும். உங்களுக்கு லாபமான ஒரு பொய்யை யாரோ இலவசமாகக் கொண்டுவந்து கையில் வைத்துவிட்டுப் போவார்கள். சும்மா இருந்தால் போதும், உங்களுடையதாகிவிடும்.

என் வகுப்பில் ஆலையில் பஞ்சு பொறுக்கும் பெண்களின் பிள்ளைகளும் படித்தார்கள். அவர்களை மற்றவர்களோடு ஒரே வாங்கில் உட்காரவைத்திருந்தேன். ஊர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது, சிலோன் வழக்கம் போலிருக்கிறது என்று. விருந்தன்று அவர்களுக்குக் கடைசிப் பந்தி, கட்டடத்துக்குப் பின்னால். எனக்கு முதல் பந்தி, பெண்கள் வரிசையில் முதல் இலை. கங்காணிக்குக் கொடுத்த தேத்தண்ணீர் தந்த இடம் அது. போய் உட்கார்ந்தேன். உட்காராமல் இருந்தால் என் மறுப்பைக் கேட்க ஆள் இராது.

அந்த ஊர்ப் பந்திக்கு இரண்டு வழக்கம் உண்டு. முதல் இலைக்காரர் கை வைத்தபிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். ஒருவர் பாதியில் எழுந்தால் பந்தியே கெட்டது. இனிப்புக்கு ஒப்புட்டு, கச்சாயம், பிறகு பொரியல், அப்பளம் எல்லாம் வந்தது. சோறு வந்தது, பருப்பு வந்தது, நெய் வந்தது. எதிர் வரிசையில் ஆண்கள், என் பக்கத்து இலையில் மணியகாரர் பெண்டாட்டி. எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

எனக்குத் தைரியம் என்று நினைக்காதீர்கள். எழுந்து போனால் விருந்தை அவமதித்தவள் ஆவேன், பிறகு நான் சொல்லும் ஒரு சொல்லும் எடுபடாது. சாப்பிட்டால் கங்காணி சொன்னதை ஊரறிய ஒப்புக்கொண்டவள் ஆவேன். எழாமல், சாப்பிடாமல், உட்கார்ந்தே இருப்பது ஒன்றுதான் மிச்சம். நெய் சோற்றின் மேல் உறையத் தொடங்கியது.

"ஏனுங்க டீச்சர், கை நனையுங்க. எல்லாரும் காத்துட்டிருக்காங்க" என்றார் மணியகாரர் எதிர் வரிசையிலிருந்து.

"கங்காணி ஐயா என்னைப் பற்றிச் சொன்னதை நான் சொல்லவில்லை. அது எனக்கு வேண்டாம். நான் யாரென்று உங்கள் ஒருவருக்கும் தெரியாது. டீச்சர் என்று இந்த இலையைப் போட்டிருந்தால் சாப்பிடுகிறேன். அவர் சொன்னதற்காகப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்."

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க."

"அப்புறம் பேச ஏலாது."

கங்காணி மீசையைத் தடவிக்கொண்டு, "அம்மணி சும்மா சொல்றாங்க, எங்கிட்ட ஒத்துக்கிட்டாங்க" என்றார்.

அப்போதுதான் ஜின்னுக்காரம்மா வெளியே வந்தார். காசு போட்டுக் கட்டடம் கட்டியவர் அவர், விருந்தும் அவருடையது. ஆனாலும் வெள்ளைச் சேலைக்காரி நல்ல காரியத்தில் முன்னால் வரக்கூடாது என்று காலையிலிருந்து அடுப்படியிலேயே இருந்தார். இரண்டு வரிசைக்கும் நடுவில் வந்து நின்று கங்காணியைப் பார்த்தார்.

"ஷி டிட் நாட் ஸே தட்" என்றார்.

ஆலை ஆபீசில் தூசிக்கு நடுவில் பழகிய அதே குரல். ஏஜெண்டுகளுக்காகத் தீட்டி வைத்திருந்ததை முதன்முதலாக எனக்காக உருவினார். 'நான்' என்பதை 'அவள்' என்று மாற்றத் தானாகவே தெரிந்துகொண்டிருக்கிறார் என்பது எனக்கு அந்த நேரத்திலும் பட்டது, வாத்திச்சி புத்தி. ஒருவருக்கும் புரியவில்லை. தமிழில் சொன்னார்.

"இவிய அப்படிச் சொல்லலீங்க. இவிய ஆருன்னு எனக்குத் தெரியாதுங்க, தெரிஞ்சுக்கவும் வேண்டாமுங்க. தெரியாம ஒண்ணா உக்கோந்து திங்க முடியாதவிய எந்திரிச்சுப் போலாமுங்க. கோவிச்சுக்கமாட்டேன். எலைய நானே எடுத்துப்போடறேனுங்க."

விருந்து வைத்தவள் வந்தவர்களைப் போகச் சொல்வதும், இலையைத் தானே எடுப்பேன் என்பதும் அங்கே சாதாரணப் பேச்சு அல்ல. முதலில் மணியகாரர் எழுந்தார். தலையைக் குனிந்துகொண்டு எழுந்தார், அதைச் சொல்ல வேண்டும். அவரைப் பார்த்து அவர் பெண்டாட்டி என் பக்கத்திலிருந்து எழுந்தார். பிறகு மளமளவென்று எழுந்தார்கள். கங்காணி ஒப்புட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். வரிசையில் இங்கொருவர் அங்கொருவர் என்று மிஞ்சினோம், பொக்கைவாய் மாதிரி.

ஜின்னுக்காரம்மா என் பக்கத்தில் காலியான இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். தாலியறுத்த பின் அந்த அம்மாள் ஊர்ப் பந்தியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"நெய்யி ஒறையுதுங்க டீச்சர்."

சோற்றில் கை வைத்தேன். அவரும் வைத்தார். மிஞ்சியவர்களும் வைத்தார்கள். ஒரு பருக்கை விடாமல் தின்றேன். அழக்கூடாது என்று வைராக்கியம். காலி இலைகளைப் பார்த்த ஜின்னுக்காரம்மா நாச்சாத்தாளைக் கூப்பிட்டு, "பொறத்தால இருக்கற புள்ளைகளக் கூப்புடு. சோறு ஆறுது" என்றார். என் வகுப்புப் பிள்ளைகள் பயந்து பயந்து வந்து உட்கார்ந்தார்கள். பரிமாறிய நாச்சாத்தாள் என்னிடம் குனிந்து, "இப்பவாச்சும் எங்கிட்ட மட்டும் சொல்லுங்க" என்றார்.

வென்றுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். புதுக் கட்டடத்தில் பாதி வாங்குகள் காலியாகக் கிடந்தன. வீட்டுமுறைச் சாப்பாடு நின்றது. நானே சமைத்தேன், சொதியும் வைத்தேன். மணியகாரர் பக்கத்து ஆட்கள் அந்த வருஷப் பருத்தியை வேறு ஜின்னுக்குக் கொண்டுபோனார்கள். ஜின்னுக்காரம்மா எந்திரத்தைப் பாதி நாள் நிறுத்திவைத்தார். என்னிடம் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. மூன்று கல் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு பொய்யை விழுங்கியிருந்தால் இத்தனையும் மிஞ்சியிருக்குமே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றும். அடுத்த நாள் காலையில் வகுப்புக்குப் போனால் சரியாகிவிடும்.

பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எவரும் சமாதானம் பேசவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. முதலில் வந்தது மணியகாரர் மகள். அவளைக் கொண்டுவந்து விட்ட தாயார் வாசலிலேயே நின்றார்.

"இங்கிலீசு மட்டும் போதுமுங்க. தண்ணி, சோறெல்லாம் ஊட்டுலயே குடுத்தனுப்பறேனுங்க."

"சரி" என்றேன். அதற்குமேல் அந்த வாசலில் பேச ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளை மதியம் தன் போசியைத் திறந்து, பக்கத்துப் பிள்ளையின் போசிக்குள் கைவிட்டதை நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று பார்க்காமல் இருந்தேன்.

அந்த ஊரில் ஓய்வு பெறும்வரை இருந்தேன். ஜின்னுக்காரம்மா பிறகு ஏஜெண்டுகளோடு சண்டையே இங்கிலீஷில் போடுவார். எத்தனையோ காலை அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், எத்தனையோ நாள் ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறோம். கடைசிவரை அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வாய் திறந்து கேட்காதது மட்டுமில்லை, கண்ணாலும் கேட்கவில்லை.

நீங்களும் உள்ளுக்குள் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். இதைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து, பதிகம் பாடினாளே, கருவாடு சுட்டாளே, அப்படியானால் இவள் யார் என்று உங்கள் மனம் கணக்குப் போட்டுக்கொண்டேதான் வந்திருக்கும். நாச்சாத்தாளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லமாட்டேன்.

நீங்கள் போகும் நாட்டுக்காரர்கள் உங்களிடம் இதைக் கேட்கமாட்டார்கள். அவர்களுக்கு நாம் எல்லோரும் ஒரே நிறம். அங்கே உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும் நம் ஆட்கள்தான் முதல் ஞாயிற்றுக்கிழமை சோற்றுக்குக் கூப்பிட்டு, கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, ஊர் எது, தெரு எது என்று மரியாதையாகத் தொடங்குவார்கள். நீங்களும் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களிடம் அதையே தொடங்குவீர்கள். அதைப் பெட்டியில் வைத்துக் கடல் கடத்தாதீர்கள். இங்கேயே இறக்கிப்போட்டுவிட்டுக் கப்பலேறுங்கள். ஊறுகாய் ஜாடிக்கு இடம் தானாகக் கிடைக்கும்.